ஆயிரத்தில் ஒருவன் (1965 திரைப்படம்): மறுவெளியீடும் இல்லக் காணொளியும்

இக்கட்டுரை 1965-ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தின் பிற்கால வாழ்வைப் பற்றியது. இதே பெயரில் செல்வராகவன் இயக்கத்தில் 2010-இல் வெளிவந்த படம் வேறு.

ஆயிரத்தில் ஒருவன், பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கி, 1965 ஜூலை 9 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, எம். என். நம்பியார், ஆர். எஸ். மனோகர், நாகேஷ் முதலியோர் இதில் நடித்துள்ளனர். கடல், கப்பல், அடிமை வாழ்வு, வாட்போர் ஆகியவற்றைக் கொண்ட இப்படம் தமிழ் அதிரடித் திரைப்படங்களுள் முன்னோடியான ஒன்றாகக் கருதப்படுகிறது. திரையரங்கு, ஒளிநாடா, விசிடி, டிவிடி, எண்ணிம மறுவெளியீடு என ஐம்பது ஆண்டுகளாகப் பல வடிவங்களில் இது மக்களிடம் சென்று சேர்ந்துள்ளது. ஒரு பழைய படத்தை வீட்டில் மீண்டும் பார்க்கும்போது நாம் உண்மையில் எதைப் பார்க்கிறோம், எதை இழக்கிறோம் என்பதை விளக்க இப்படம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

படத்தின் பின்னணி

பந்துலு அதற்கு முன் வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), கப்பலோட்டிய தமிழன் (1961), கர்ணன் (1964) ஆகிய படங்களைச் சிவாஜி கணேசனைக் கொண்டு உருவாக்கியவர். எம். ஜி. ஆரை வைத்து அவர் இயக்கிய முதற்படம் ஆயிரத்தில் ஒருவன் ஆகும். அவரது பத்மினி பிக்சர்ஸ் நிறுவனம் இதனை ஈஸ்ட்மன் வண்ணத்தில் தயாரித்தது. கடற்காட்சிகளின் படப்பிடிப்பு கர்நாடகத்தின் கார்வார் கடற்கரைப் பகுதியில் நடைபெற்றது.

எம். ஜி. ஆரும் ஜெயலலிதாவும் இணைந்து நடித்த முதற்படம் இதுவே. பின்னர் இருவரும் மொத்தம் 28 படங்களில் இணைந்து நடித்தனர். இசையமைப்பாளர்களான விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இப்படத்துக்குப் பின் பிரிந்தனர். மீண்டும் அவர்கள் சேர்ந்து இசையமைத்தது 1995-இல் வெளிவந்த எங்கிருந்தோ வந்தான் படத்திற்காகும். பாடல்களைக் கண்ணதாசனும் வாலியும் எழுதினர்.

கதைச்சுருக்கமும் மூலமும்

நெய்தல் நாட்டில் மணிமாறன் என்னும் மருத்துவர் வாழ்கிறார். சர்வாதிகார ஆட்சியை எதிர்த்த புரட்சிக்காரர்களுக்கு மருத்துவம் செய்த குற்றத்திற்காக அவரும் சிறைப்பிடிக்கப்படுகிறார். கைதிகள் அனைவரும் கன்னித் தீவிற்கு அடிமைகளாக விற்கப்படுகின்றனர். அங்கு மணிமாறன் பூங்கொடியைச் சந்திக்கிறார். கடற்கொள்ளையரிடமிருந்து தீவைக் காத்தால் விடுதலை தருவதாக அடிமைகளுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி மீறப்படுகிறது. அடிமைகள் கப்பலில் தப்புகின்றனர். ஆயினும் கொள்ளையர் தலைவனிடம் சிக்கி, தாமே கடற்கொள்ளையராக வேண்டிய நிலைக்கு உள்ளாகின்றனர். இறுதியில் அவர்கள் விடுதலையும் நாடும் பெறுவதே எஞ்சிய கதை.

இக்கதை 1935-இல் வெளிவந்த கேப்டன் பிளட் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைத் தழுவியது. அப்படம் ரஃபேல் சபாட்டினி 1922-இல் வெளியிட்ட புதினத்தை அடிப்படையாகக் கொண்டது. மைக்கேல் கர்டிஸ் இயக்க, எரால் பிளின் நாயகனாக நடித்தார். அதில் மருத்துவர் பீட்டர் பிளட், 1685-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த மான்மத் கலகத்தில் காயமுற்றவருக்கு மருத்துவம் செய்ததற்காக ஜமைக்காவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறார். இரண்டு படங்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. எனினும் மூலப்படம் இங்கிலாந்தில் மன்னர் மாறியதால் நாயகன் மன்னிக்கப்படுவதுடன் முடிய, தமிழ்ப் படத்தில் ஆட்சியை எதிர்க்கும் மக்களும் அவர்களின் விடுதலையுமே கதையின் மையமாக அமைகின்றன. 1965-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு அரசியல் சூழலில் இம்மாற்றம் பொருள் பொதிந்ததாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1967-இல், எம். ஜி. ஆர். சார்ந்திருந்த திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது.

சண்டைக் காட்சிகள்

எம். ஜி. ஆரும் நம்பியாரும் கடலோரத்தில் மோதும் வாட்போர் இப்படத்தின் பெயர்பெற்ற காட்சிகளுள் ஒன்றாகும். மூலப்படத்திலும் எரால் பிளின், பாசில் ராத்போன் ஆகியோரின் வாட்போர் கடற்கரையிலேயே நிகழ்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரு வேறுபாட்டை உணரலாம். தமிழ் மேடை நாடக மரபில் வளர்ந்த நடிகர்களுக்கு வாள் வீச்சும் வசனமும் ஒரே மூச்சில் வருபவை. ஆகவே தமிழ்ப் படத்தின் சண்டை, சொற்போரும் வாட்போரும் சேர்ந்ததாக உள்ளது.

இத்தகைய காட்சிகளில் முழு உடலும் தெரிவது இன்றியமையாதது. காலடி வைப்பு, இடுப்பின் திருப்பம், வாளின் முனை ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் இருந்தால்தான் நடிகர் உண்மையில் வாள் வீசுகிறாரா என்பது விளங்கும். அக்காலப் படங்களில் நடிகரைத் தலை முதல் கால் வரை காட்டும் நீண்ட காட்சித் துண்டுகள் மிகுதி. இக்காரணத்தாலேயே, பிற்காலப் பதிப்புகளில் சட்டகம் எவ்வாறு கையாளப்படுகிறது என்பது முக்கியமான வினாவாகிறது. இது கீழே விளக்கப்பட்டுள்ளது.

வட சென்னையும் பழைய படங்களும்

எம். ஜி. ஆர். படங்களின் நீண்டகாலப் பார்வையாளர்களுள் வட சென்னையின் உழைக்கும் மக்கள் குறிப்பிடத்தக்கவர்கள். பெரம்பூர் பகுதியில் தொடர்வண்டிப் பணிமனைகள், 1955-இல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, 1996-இல் மூடப்பட்ட பின்னி ஆலை ஆகியவை பல தலைமுறைகளுக்கு வேலை அளித்தன. அதற்குக் கிழக்கே இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை துறைமுகமும் ஆலைகளும் தொடர்கின்றன. இம்மக்களுக்குத் திரையரங்கே மலிவான பொழுதுபோக்காக இருந்தது. புதிய படங்கள் வெளியாகாத வாரங்களில் பழைய எம். ஜி. ஆர்., சிவாஜி படங்களை மீண்டும் ஓட்டுவது திரையரங்குகளின் வழக்கம். ஓட்டேரி மகாலட்சுமி திரையரங்கு இவ்வகையில் பெயர் பெற்றிருந்தது.

எம். ஜி. ஆர். படங்களுக்கும் எளிய மக்களுக்கும் உள்ள தொடர்பை எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக ஆராய்ந்துள்ளது. இங்கு நமக்குத் தேவையானது அதன் பொருள்சார் பக்கமாகும். ஒரு பிரதி ஓடும் ஒவ்வொரு முறையும் கீறல் விழுகிறது. அறுந்த இடத்தை ஒட்டும்போது சில சட்டகங்கள் போய்விடுகின்றன. சுருளின் தொடக்கமும் முடிவும்தான் மிகுதியாகத் தேய்பவை. ஒரு படம் எவ்வளவு விரும்பப்பட்டதோ, அதன் பிரதிகள் அவ்வளவு விரைவில் அழிந்தன. மக்களின் அன்பே பிரதிகளுக்குப் பகையாயிற்று எனலாம்.

அத்திரையரங்குகளிலும் பல இன்று இல்லை. தண்டையார்பேட்டையில் 1967-இல் திறக்கப்பட்ட அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டது. பெரம்பூரில் 1985-இல் திறக்கப்பட்ட பிருந்தா திரையரங்கு 2025-இல் தன் கடைசிக் காட்சியை நடத்தியது. எனவே பழைய படம் மக்களைச் சென்றடையும் வழி பெரிதும் வீட்டுத் திரையாக மாறியுள்ளது.

இல்லக் காணொளியின் வருகை

ஒளிநாடா: வி.எச்.எஸ். முறை 1976-இல் சப்பானில் அறிமுகமானது. இந்தியாவில் 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது ஒளிநாடாக் கருவிகளும் பரவின. தமிழ்நாட்டில் இக்கருவி "டெக்" என்றே அழைக்கப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டி, டெக், மூன்று நான்கு கேசட்டுகள் ஆகியவற்றை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடியிருந்து விடிய விடியப் படம் பார்ப்பது 1980-களின் வழக்கமாகும். இவ்வகைத் திரையிடல்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 1984-இல் தனிச் சட்டமே இயற்றியது.

விசிடி: 1993-இல் வரையறுக்கப்பட்டது. ஒரு தட்டில் 74 நிமிடங்கள் மட்டுமே அடங்கும். எனவே மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. சில பதிப்புகளில் படம் இரண்டு தட்டுகளுக்குள் அடங்குமாறு வெட்டப்பட்டது.

டிவிடி: 1996-இல் சப்பானில் அறிமுகமானது. ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட்டும் ஈரடுக்கில் 8.5 கிகாபைட்டும் கொள்ளும். புலம்பெயர் தமிழருக்கான டிவிடிகளை இலண்டனைச் சேர்ந்த ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்டன. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களின் விசிடிகளை 28 ரூபாய்க்கும் டிவிடிகளை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுத் தட்டின் விலைக்கே உரிமம் பெற்ற தட்டு கிடைத்தது இதுவே முதன்முறை எனலாம். அந்நிறுவனம் 2018-இல் கலைப்புக்கு உட்பட்டது.

ப்ளூ-ரே: 2006-இல் அறிமுகமானது. ஓர் அடுக்கில் 25 கிகாபைட்டும் ஈரடுக்கில் 50 கிகாபைட்டும் கொள்ளும். தமிழின் பழைய படங்களுள் மிகச் சிலவே இவ்வடிவத்துக்கு வந்தன.

வட சென்னையைப் பொறுத்தவரை இவ்வடிவங்கள் அனைத்தும் விற்ற இடம் பர்மா பஜார் ஆகும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழருக்காக 1969-இல் சென்னைக் கடற்கரைத் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் அமைந்த இக்கடைத்தெரு, முதலில் வெளிநாட்டுப் பொருள்களுக்கும், பின்னர் கேசட்டுகளுக்கும் தட்டுகளுக்கும் பெயர் பெற்றது. திருட்டுத் தட்டு விற்பனை பெருகியதால், 2004-இல் தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் காணொளித் திருடர்களும் சேர்க்கப்பட்டனர்.

வடிவங்களின் ஒப்பீடு

ஒரு சட்டகத்தில் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை பின்வருமாறு:

* விசிடி: 352 × 288, அதாவது 1,01,376 புள்ளிகள்
* டிவிடி: 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள்
* ப்ளூ-ரே: 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள்
* 4கே தட்டு: 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள்

டிவிடியைவிட ப்ளூ-ரேயில் ஐந்து மடங்கும், விசிடியைவிட ஏறத்தாழ இருபது மடங்கும் விவரம் அடங்கும். ஆனால் இவ்வெண்கள் தட்டின் கொள்ளளவை மட்டுமே காட்டுகின்றன. தேய்ந்த பிரதியிலிருந்தோ பழைய ஒளிநாடாவிலிருந்தோ எடுத்த படத்தை ப்ளூ-ரேயில் பதித்தால் கீறல்களும் மங்கலும்தாம் பெரிதாகத் தெரியும். ஓட்டைக் குடத்தைப் பொற்குடமாக மாற்றினாலும் உள்ளே உள்ள நீர் அதேதான். ஒரு பதிப்பின் தரத்தை முடிவு செய்வது முதன்மையாக அது எந்தச் சுருளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதாகும்.

மூலச் சுருள் ஏன் அழிகிறது

35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் உள்ளன. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவதால், மூன்று மணி நேரப் படம் 16,200 அடி நீளமுடையது. அதில் 2,59,200 சட்டகங்கள் உள்ளன. படப்பிடிப்பில் பதிவான முதற்சுருள் மூல நெகட்டிவ் எனப்படும். அதிலிருந்தே திரையரங்கப் பிரதிகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு நகலெடுப்பிலும் நுண்விவரம் குறைகிறது.

1960-களின் வண்ணச் சுருள்களுக்கு இரண்டு நோய்கள் உண்டு.

முதலாவது வண்ணம் மங்குதல். ஈஸ்ட்மன் வண்ண முறையில் மூன்று சாய அடுக்குகள் சேர்ந்து படத்தை உருவாக்குகின்றன. அவை ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலப்பச்சைச் சாயமும் மஞ்சள் சாயமும் விரைந்து மங்க, செந்நிறமே எஞ்சுகிறது. பழைய பிரதிகளில் கடலும் வானும் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம். கடலை நம்பி எடுக்கப்பட்ட ஒரு படத்துக்கு இது பேரிழப்பாகும்.

இரண்டாவது புளிக்காடி நோய். சுருளின் அடிப்படைப் பொருளான செல்லுலோசு அசிட்டேட்டு, வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. சுருள் சுருங்கி, வளைந்து, புளிக்காடி மணம் வீசும். வெளிவரும் அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துவதால், ஒரு பெட்டியில் தொடங்கிய நோய் அருகிலுள்ள பெட்டிகளையும் பாதிக்கும். 21 பாகை செல்சியசு வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் இந்நோய் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் தலைகாட்டும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. குளிரூட்டப்படாத சென்னைக் கிடங்கின் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் இதைவிடப் பன்மடங்கு கடுமையானவை.

இழப்பு கற்பனையான அச்சமன்று. தமிழகத்தில் தயாரான முதல் மௌனப்படமான கீசக வதமும், 1931-இல் வெளிவந்த காளிதாஸ் படமும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டதே 1964-இல்தான்.

எண்ணிம மீட்டெடுப்பு

மீட்டெடுப்பு பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது:

1. கிடைக்கும் நெகட்டிவ், பிரதிகள் அனைத்தையும் திரட்டி ஒப்பிடுதல். ஒரு சுருளில் இல்லாத சட்டகங்கள் மற்றொன்றில் இருக்கலாம்.
2. சுருளைத் தூய்மை செய்து, கிழிந்த துளைகளையும் ஒட்டுகளையும் கையால் சீரமைத்தல்.
3. ஒவ்வொரு சட்டகத்தையும் வருடி எண்ணிமப் படமாக மாற்றுதல்.
4. கீறல், தூசி, நடுக்கம், ஒளித்துடிப்பு ஆகியவற்றை நீக்குதல்.
5. வண்ணங்களைப் படம் வெளிவந்த காலத்து நிலைக்குக் கொணர்தல்.
6. ஒலித்தடத்தின் இரைச்சலை நீக்குதல்.

இவற்றுள் நான்காம் படி எச்சரிக்கையுடன் செய்யத்தக்கது. கணினி, கீறலையும் வேகமாக அசையும் வாளின் முனையையும் சில வேளைகளில் ஒன்றெனக் கருதி இரண்டையும் அழித்துவிடும். சுருளுக்கே உரிய மணித்தன்மையை முற்றிலும் நீக்கினால் முகங்கள் மெழுகு பூசியவை போலாகும். எனவே கணினியின் வேலையை மனிதக் கண் சரிபார்க்க வேண்டும்.

ஒலியைப் பொறுத்தும் ஒரு சிறப்புக் கூறு உண்டு. 1967 ஜனவரி 12 அன்று எம். ஜி. ஆர். கழுத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததால் அவரது குரல் நிலையாக மாறியது. ஆயிரத்தில் ஒருவன் அதற்கு முந்தைய படம். அவரது பழைய, தெளிவான குரலுக்கு இப்படத்தின் ஒலித்தடம் ஓர் ஆவணமாகும். அது ஒற்றைத் தட ஒலியாகவே பதிவானது. மறுவெளியீடுகளுக்காகப் பழைய படங்களைப் பலதட ஒலிக்கு மாற்றும்போது பின்னணி இசையைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. அது கேட்க இனிமையாக இருப்பினும், மூலத்தின் ஒலியன்று.

சட்டகத்தின் அளவு

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வெளிவந்த ராஜராஜ சோழன் ஆகும். அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் அகலம் 1.37, உயரம் 1 என்னும் அளவில் அமைந்தது. இன்றைய தொலைக்காட்சியின் அளவு 1.78-க்கு 1, அகலத் திரையின் அளவு 2.35-க்கு 1.

பழைய படத்தை அகன்ற திரை முழுவதும் நிரப்ப வேண்டுமெனில், ஒன்று படத்தைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அல்லது மேலும் கீழும் வெட்ட வேண்டும். இழுத்தால் உருவங்கள் பருத்துத் தோன்றும். தொலைக்காட்சி அளவுக்கு வெட்டினால் உயரத்தில் 23 விழுக்காடும், அகலத் திரை அளவுக்கு வெட்டினால் ஏறத்தாழ 42 விழுக்காடும் இழக்கப்படும். வாட்போரில் முதலில் மறைவன கால்களும், உயர்த்திய வாளும் ஆகும். இருபுறமும் கருப்புப் பட்டைகளுடன் வரும் பதிப்பைக் குறையுடையதெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பழைய படத்துக்கு அதுவே முழுமையான பதிப்பாகும்.

2014 மறுவெளியீடு

திவ்யா பிலிம்ஸ் சொக்கலிங்கம், பந்துலுவின் கர்ணன் படத்தை எண்ணிம முறையில் புதுப்பித்து 2012 மார்ச்சில் வெளியிட்டார். அதன் வெற்றியைத் தொடர்ந்து ஆயிரத்தில் ஒருவன் படத்தையும் புதுப்பித்து 2014 மார்ச் 14 அன்று வெளியிட்டார். சென்னையில் அது 175 நாட்களைக் கடந்து ஓடி வெள்ளி விழாக் கண்டது. படம் மீண்டும் திரைக்கு வந்தபோது நாயகன் மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன; நாயகி மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார்.

இவ்வெற்றிகள் பழைய படங்களுக்குச் சந்தை உண்டு என்பதைக் காட்டின. பாட்ஷா (1995) 2017-இலும், உலகம் சுற்றும் வாலிபன் (1973) 2021-இலும் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தன. ஆயினும் திரையரங்க மறுவெளியீடும் பாதுகாப்பும் ஒன்றல்ல. மறுவெளியீட்டின் நோக்கம் இன்றைய பார்வையாளருக்கு உவப்பான படத்தைத் தருவது. பாதுகாப்பின் நோக்கம் 1965-இல் பார்வையாளர் கண்ட படத்தை மாறாமல் காப்பது. முன்னது பின்னதற்குப் பணம் ஈட்டித் தரலாம். அதன் இடத்தைப் பிடிக்க இயலாது.

சேகரிப்பாளர் பதிப்பு

திரைப்படத்தை நூலைப் போல் பதிப்பிக்கலாம் என்னும் எண்ணத்தை 1984-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் பரப்பியது. அது வெளியிட்ட கிங் காங் லேசர் தட்டில் திரைப்பட வரலாற்றாளர் ஒருவரின் விளக்கவுரை தனி ஒலித்தடமாகச் சேர்க்கப்பட்டது. சரியான சட்டகம், நல்ல மூலச் சுருள், விளக்கவுரை, கட்டுரைகள், விடுபட்ட காட்சிகள் ஆகியவை சேகரிப்பாளர் பதிப்பின் இலக்கணமாயின.

இவ்வகையில் இரண்டு எடுத்துக்காட்டுகள் பயன் தருவன. சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் இலண்டன் படச்சாலைத் தீயில் கருகின. எரிந்த சுருள்களிலிருந்தும் ஒரு பகுதி மீட்கப்பட்டு, அப்படங்கள் 2015-இல் வெளியாயின. 1975-இல் வெளிவந்த சோலே, திரைப்பட மரபு அறக்கட்டளையின் முயற்சியால் மீட்கப்பட்டு, தணிக்கையில் மாற்றப்பட்ட பழைய முடிவுடன் 2025 ஜூன் 27 அன்று இத்தாலியின் பொலோனா நகர விழாவில் திரையிடப்பட்டது.

கேப்டன் பிளட் படமும் 2005-இல் எரால் பிளின் தொகுப்பின் ஒரு பகுதியாக, 1935-ஆம் ஆண்டுத் திரையரங்கு நிகழ்ச்சியை நினைவூட்டும் செய்திப்படம், குறும்படம் முதலியவற்றுடன் டிவிடியாக வெளிவந்தது. அதன் தமிழ் வழித்தோன்றலோ பெரும்பாலும் படம் மட்டுமே கொண்ட மலிவுத் தட்டுகளிலேயே வீடுகளுக்கு வந்தது. விலை குறைவென்பதால் அவை எளியவரையும் சென்றடைந்தன என்பது அவற்றின் நன்மை. ஆனால் ஒளிப்பதிவாளர் யார், படப்பிடிப்பு எங்கு நடந்தது, எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் செய்திகள் அத்தகைய தட்டுகளில் இடம்பெறுவது அரிது. படத்தில் பணியாற்றியோர் உயிருடன் இருந்த காலத்தில் பதிவாகாத விளக்கவுரையை இனி ஒருபோதும் பதிவு செய்ய இயலாது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

* சட்டகம்: 1973-க்கு முந்தைய தமிழ்ப் படம் திரையை முழுவதும் நிரப்பினால், அது வெட்டப்பட்டதோ இழுக்கப்பட்டதோ ஆகும்.
* ஓடும் நேரம்: நொடிக்கு 24 சட்டகப் படத்தை 25 சட்டக ஒளிபரப்பு முறைக்கு அப்படியே மாற்றினால் மூன்று மணி நேரப் படம் ஏறத்தாழ 173 நிமிடங்களில் முடியும், குரலும் 4 விழுக்காடு உயரும். இதைவிடக் குறைந்தால் காட்சிகள் வெட்டப்பட்டிருக்கக் கூடும்.
* வண்ணம்: தோலின் நிறமும் வானின் நிறமும் ஒருங்கே இயல்பாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்றைக் கெடுத்திருப்பது உண்டு.
* ஒலி: மூல ஒற்றைத் தட ஒலியும் தேர்வாக உள்ளதா என அறிய வேண்டும்.
* முத்திரை: படத்தின் மீது வெளியீட்டாளரின் முத்திரை நிலையாகப் பதிந்திருந்தால், அது சேகரிப்பாளர் பதிப்பு ஆகாது.
* தட்டின் நிலை: தட்டுகளும் அழியாதவை அல்ல. பழைய விசிடி, டிவிடிகளைச் செங்குத்தாக, ஒளியும் வெப்பமும் படாத இடத்தில் வைத்தல் நன்று.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி திரைப்படத்தின் உரிமைக் காலம், அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளாகும். 1965-இல் வெளிவந்த ஆயிரத்தில் ஒருவன் படத்துக்கு இக்காலம் 2025 டிசம்பர் 31 வரை எனக் கணக்காகிறது. எனினும் பாடல் வரிகள், இசை போன்றவற்றுக்கு ஆக்கியோர் மறைந்தபின் 60 ஆண்டுகள் தனியே உரிமை உண்டு. கண்ணதாசன் 1981-இலும், ராமமூர்த்தி, வாலி ஆகியோர் 2013-இலும், விஸ்வநாதன் 2015-இலும் மறைந்தனர்.

இங்கு ஒரு முரண் உள்ளது. உரிமைக் காலம் உள்ளவரை சுருளைப் பேணும் பொறுப்பு உரிமையாளரிடமே இருக்கிறது. உரிமை நீங்கியபின் எவரும் படத்தைப் பதிப்பிக்கலாம். ஆனால் பதிப்பிக்கத் தக்க சுருள் அதற்குள் அழிந்திருக்கலாம். சட்டம் கதவைத் திறக்கும்போது அறையில் பொருள் எஞ்சியிருக்க வேண்டுமானால், சுருள் முன்னதாகவே ஒரு காப்பகத்தைச் சேர்ந்திருக்க வேண்டும்.

துணுக்குகள்

* ஜெயலலிதா தமிழில் அறிமுகமான வெண்ணிற ஆடை படமும் 1965-இலேயே வெளிவந்தது.
* கேப்டன் பிளட் கருப்பு வெள்ளைப் படம். அதன் தமிழ்த் தழுவல் வண்ணப்படம்.
* பந்துலு 1974-இல் மறைந்தார். அவர் தொடங்கிய மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் படத்தை எம். ஜி. ஆர். இயக்கி முடித்தார். அது 1978-இல் வெளிவந்தது.

இவற்றையும் பார்க்க

* பி. ஆர். பந்துலு
* கர்ணன் (1964 திரைப்படம்)
* தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம்
* பர்மா பஜார்
* பெரம்பூர்